சின்னத் துளையா, பெரிய வெட்டா? பைபாஸுக்கு இனியும் வேலை இருக்கிறதா

மாமாவுக்கு இருதயத்தில் பைபாஸ் ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று கண்டியில் சொல்லி அனுப்பிய அன்று பின்னேரமே வீடு நிறைந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள், பழைய தொழிற்சங்கத்து ஆட்கள், கோயில் கமிட்டி ஆட்கள். பிளேன்டி ஊற்றி மாளவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எதுக்குங்க நெஞ்சப் பொளக்கணும்? மேல்கணக்கு டிவிஷன் ஆளுக்குக் கையில ஓட்டயப் போட்டு ஸ்பிரிங் வச்சி மூணாம் நாளே அனுப்பிட்டாங்களே. காலம் மாறிப் போச்சு, இவங்க இன்னும் பழைய வைத்தியத்தையே சொல்றாங்க."

மாமா முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வயது 64. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பதினைந்து வருடம். அவர் வாயே திறக்கவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அப்புறம் சில மாதங்கள் இதையேதான் வாசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்த இரண்டு டொக்டர்மாரையும் விட்டுவைக்கவில்லை. வந்தவர்கள் சொன்னதில் பாதி சரி. காலம் மாறித்தான் இருக்கிறது. மறுபாதி பிழை, அதுவும் சீனி வருத்தக்காரருக்கு உயிர் போகும் பிழை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மண் சரிந்த வீதி

உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இருதயத்தின் மேற்பரப்பில் ஓடும் முடியுரு நாடிகள். பெரிய இடங்களில் கூட அவற்றின் உள்விட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றர்தான். பேனைக்குள் இருக்கும் மைக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு தாய் நாடி புறப்பட்டு இரண்டாகப் பிரியும், வலப்பக்கம் இன்னொன்று. இடப்பக்கக் கிளைகளில் முன்னால் இறங்குவதை வாட்டில் எல்ஏடி என்பார்கள். இருதயத் தசையின் பெரும்பங்கு அதை நம்பியே இருக்கிறது.

இந்த நாடிகளின் சுவரில் கொழுப்புப் படிந்து உள்வழி சுருங்குவதுதான் நோய். இனி வைத்தியத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதி வீதி மூடிவிட்டது என்று வையுங்கள். ஸ்டென்ட், அதாவது வந்தவர்கள் சொன்ன அந்த ஸ்பிரிங், செய்வது மண்ணை ஒதுக்கித் தள்ளி அந்த இடத்தில் தடுப்புச் சுவர் கட்டுகிற வேலை. பைபாஸ் அப்படியில்லை. சரிந்த இடத்தை அது தொடுவதே இல்லை. அதைத் தாண்டி அப்பால் போய்ச் சேரும் வேறொரு வீதியை வெட்டிவிடுகிறது.

ஓர் இடம் மட்டும் சரிந்திருந்தால் யாரும் புது வீதி வெட்டமாட்டார்கள். சுவர் போதும். ஆனால் மலை முழுக்க ஊறிப்போயிருந்தால்? இன்று இந்த வளைவு, அடுத்த மழைக்கு அடுத்த வளைவு. அப்போது எத்தனை சுவர் கட்டுவது? அப்பால் போய்ச் சேரும் வீதி ஒன்று இருந்தால், முன்னால் எந்த வளைவு சரிந்தாலும் போக்குவரத்து நிற்காது. சீனி வருத்தக்காரரின் நாடி இந்த ஊறிய மலையைப் போன்றது. அடைப்பு ஒரு புள்ளியில் நிற்காமல் நாடியின் நீளத்துக்கும் பரவியிருக்கும், கிளைகளிலும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஆய்வுகள் எல்லாம் தானாக விளங்கும்.

இரண்டும் பிறந்த கதை

ரெனே ஃபவலோரோ ஆர்ஜென்டினாக்காரர். நகரத்துப் பெரிய நிபுணராக அவர் தொடங்கவில்லை. ஹசிண்டோ அராவுஸ் என்ற சின்ன ஊரில் பன்னிரண்டு வருடம் கிராமத்து டொக்டராக இருந்துவிட்டு 1962இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்குக்குப் போனார். அங்கே மேசன் சோன்ஸ் என்ற டொக்டர் 1958இல் தற்செயலாக முடியுரு நாடிக்குள் சாயத்தைச் செலுத்திவிட்டார். நோயாளி செத்துவிடுவார் என்று பயந்தவருக்குக் கிடைத்தது அந்த நாடியின் தெளிவான படம். இன்று நாம் அஞ்சியோகிராம் என்று சொல்வது அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் படங்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஃபவலோரோ, 1967 மே மாதத்தில் 51 வயதுப் பெண் ஒருவரின் காலிலிருந்து எடுத்த நாளத்தை வைத்து அடைப்பைத் தாண்டி வழி போட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், லெனின்கிராட்டில் வசீலி கோலெசோவ் என்பவர் நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்தில் ஓடும் நாடியை எடுத்து முடியுரு நாடியில் தைத்திருந்தார். அப்போது உலகம் அதைக் கவனிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இன்று பைபாஸின் உயிர்நாடியே அந்த நெஞ்சு நாடிதான். வாட்டில் லிமா என்று சொல்வது அதைத்தான். எல்ஏடியில் தைத்த லிமா பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுத்த நாளத்துக்கு அந்த வாழ்வு இல்லை. பத்து வருடத்தில் ஏறத்தாழ பாதி அடைபட்டுவிடும்.

எதிர்ப்பக்கம் இருந்து வந்தவர் அண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். சூரிச்சில் தன் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து, மெல்லிய குழாயின் நுனியில் சின்ன பலூனை ஒட்டி ஒட்டிப் பார்த்தவர். 1977 செப்டம்பர் 16ஆம் திகதி 38 வயது நோயாளி ஒருவரின் எல்ஏடிக்குள் அந்த பலூனைக் கொண்டுபோய் ஊதி அடைப்பைத் திறந்தார். அவருக்கும் அப்போது 38 வயதுதான். அந்த நோயாளியின் நாடி இருபது வருடத்துக்கு மேலும் திறந்தே இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. பலூனால் திறந்த இடம் பலருக்குச் சில மாதத்திலேயே மறுபடி சுருங்கியது. அதற்காக 1986இல் உலோக வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், வந்தது. அதுவும் போதாமல் 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. அதற்குப் பிறகுதான் "பைபாஸின் காலம் முடிந்தது" என்ற பேச்சு பலமாக எழுந்தது. அமெரிக்காவில் பைபாஸ் எண்ணிக்கை 1990களின் பிற்பகுதியில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கத் தொடங்கியதும் உண்மைதான்.

ஓடவிட்டுப் பார்த்தபோது

அந்தப் பேச்சு சரியா என்று சோதிக்க, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறுபாதிக்கு பைபாஸ் என்று செய்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள்.

சின்டாக்ஸ் என்ற ஆய்வில் 1800 பேர். மூன்று நாடியிலும் அடைப்பு உள்ளவர்கள் அல்லது இடது தாய் நாடியில் அடைப்பு உள்ளவர்கள். பத்து வருட முடிவில், மூன்று நாடி அடைப்புக்காரர்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 28 பேரும் பைபாஸ் செய்தவர்களில் 21 பேரும் இறந்திருந்தார்கள். தாய் நாடிக்காரர்களில் அப்படியொரு வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வு தந்துவிட்டுப் போன இன்னொரு பயன், அடைப்பு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஒரு புள்ளிக்கணக்கு. 22 வரைக்கும் குறைவு, 33இலிருந்து கடுமை. கடுமையானவர்களில்தான் பைபாஸ் தெளிவாக முந்துகிறது.

மாமாவுக்கு முக்கியமானது 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வு. 1900 பேர், எல்லாரும் நீரிழிவுக்காரர், எல்லாருக்கும் பல நாடிகளில் அடைப்பு. ஐந்து வருடத்தில் இறப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் மூன்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7 சதவீதம். இறப்பு மட்டும் என்றால் 16.3க்கு 10.9. ஆனால் அதே ஆய்வில் பாரிசவாதம் பைபாஸ் பக்கம்தான் கூட: 5.2, ஸ்டென்ட் பக்கம் 2.4. பைபாஸை விற்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்ல மறந்துவிடுவார்கள். உயிர் கூடுகிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்தக் காலத்து ஸ்டென்ட் பழைய ரகம், இப்போது வருவது மெல்லியது, நல்லது என்பார்கள். சரி, அதையும் பார்த்திருக்கிறார்கள். ஃபேம்-3 ஆய்வில் 1500 பேர். புது ரக ஸ்டென்ட், அதுவும் நாடிக்குள் அழுத்தத்தை அளந்து, தேவையான இடத்தில் மட்டும் வைத்தார்கள். முதல் வருடத்தில் பைபாஸ் முன்னால் நின்றது. ஐந்து வருடம் கழித்து, இறப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் மூன்றையும் சேர்த்தால் ஸ்டென்டில் 100க்கு 16, பைபாஸில் 14. கணிதப்படி இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. மாரடைப்பும், திரும்ப வந்து வைத்தியம் செய்யவேண்டி வருவதும் மட்டும் ஸ்டென்ட் பக்கம் கூட. ஆக, இடைவெளி சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. மூடிவிடவில்லை.

இடது தாய் நாடி விஷயத்தில் டொக்டர்மாரே சண்டை பிடித்தார்கள். எக்ஸெல் ஆய்வின் ஐந்து வருட முடிவை எப்படி வாசிப்பது என்று தகராறு வந்து, 2019 டிசம்பரில் ஐரோப்பிய இருதய சத்திரசிகிச்சையாளர் சங்கம் தானும் சேர்ந்து எழுதிய வழிகாட்டலின் அந்தப் பகுதிக்கு ஆதரவில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு தரப்புக்கும் தொழில் இருக்கிறது, இரண்டு தரப்புக்கும் தன் கைவேலையில் நம்பிக்கை இருக்கிறது. தச்சனிடம் கேட்டால் மரக்கதவு, கொல்லனிடம் கேட்டால் இரும்புக்கதவு. இதனால்தான் இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. அஞ்சியோகிராம் மேசையில் மல்லாந்து படுத்திருக்கும்போது "இப்பவே ஸ்டென்ட் வச்சிரலாமா?" என்று கேட்டால் எந்த மனிதர் வேண்டாம் என்பார்? அவசரம் இல்லாத நோயாளிக்கு அந்தக் கேள்வியை வீட்டுக்கு அனுப்பி யோசிக்கவிடுவதுதான் முறை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: இருதயத்தின் பம்ப் பலவீனமானவர்கள். ஸ்டிச் ஆய்வில் 1212 பேரைப் பத்து வருடம் பார்த்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பைபாஸும் சேர்த்துச் செய்தவர்களில் 58.9. இதே மாதிரி ஆட்களுக்கு ஸ்டென்ட் உதவுமா என்று 2022இல் ரிவைவ்ட் ஆய்வு 700 பேரில் பார்த்தது. மருந்தோடு ஒப்பிட்டால் ஒரு பலனும் தெரியவில்லை.

யாரும் பேசாத மூன்றாவது வைத்தியம்

கத்தியா கம்பியா என்ற சண்டையில் மாத்திரையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 2007இல் கறேஜ் ஆய்வும், 5179 பேரோடு நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் சொன்னது பலருக்கு அதிர்ச்சி. நோய் நிலையாக இருப்பவருக்கு, அதாவது நடந்தால் வலித்து நின்றால் போகிறவருக்கு, நல்ல மருந்து கொடுத்துப் பார்ப்பதோடு ஒப்பிட்டால், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்வதால் ஆயுள் கூடவில்லை. வலி குறைந்தது, அது பெரிய நன்மைதான். தாய் நாடி அடைப்பும் மிகப் பலவீனமான பம்பும் உள்ளவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2017இல் லண்டனில் ஒர்பிட்டா ஆய்வு இன்னும் துணிச்சலாக, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைப்பதுபோல் நடித்துவிட்டு வைக்காமல் விட்டது. மருந்து நன்றாக எடுத்துவந்த அவர்களுக்கும் உண்மையாக வைத்தவர்களுக்கும் நடக்கும் திறனில் வித்தியாசம் பெரிதாக இல்லை. 2023இல் அதே ஆய்வாளர்கள், வலிக்கான மருந்துகளை நிறுத்திவிட்டுச் செய்த இரண்டாவது ஆய்வில் ஸ்டென்ட் வலியைக் குறைப்பது தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு அடைப்பு இருக்கு, உடனே எடுக்கலன்னா போச்சு" என்று பயமுறுத்தப்பட்டு நகையை அடகு வைத்துக் கொழும்புக்கு ஓடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நிலையான ஒற்றை அடைப்புக்கு அப்படி ஓடத் தேவையில்லை.

ஆனால் மாரடைப்பு வந்தால் ஓடத்தான் வேண்டும். அப்போது இந்த விவாதமே கிடையாது. நாடி முழுதாக அடைத்துத் தசை செத்துக்கொண்டிருக்கும்; நிமிடத்துக்கு நிமிடம் போகும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கெத் லேப், அதாவது அஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் அறை, உள்ள இடத்துக்குப் போய்ச் சேர முடிந்தால் ஸ்டென்ட். முடியாவிட்டால் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டெப்லேஸ். ஊசி போட்டு, மறுநாளுக்குள் பெரிய இடத்துக்கு அனுப்பி அஞ்சியோகிராம் செய்வது கிட்டத்தட்ட அதே பலனைத் தரும் என்று 2013இல் ஸ்ட்ரீம் ஆய்வு காட்டியது. மலையகத்துக்கு இதைவிடப் பெரிய நல்ல செய்தி இல்லை என்பேன். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஹட்டனுக்கு வரவே ஒரு மணித்தியாலம், ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு 70 கிலோமீற்றர், அதுவும் வளைவுக்கு மேல் வளைவு. இதில் இரண்டு மணித்தியாலக் கணக்கு ஒருநாளும் சரிவராது. இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் பெறுமதி இந்த இடத்தில்தான் தெரியும். ஈசிஜி எடுத்து ஊசி போடக்கூடிய இடம் அருகில் இருந்தால் பாதி உயிர் பிழைத்த மாதிரி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்து லொறிக்காகக் காத்திருப்பதைவிட அதை முதலில் அழையுங்கள்.

மலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது

இந்த ஆய்வுகள் எல்லாம் நடந்த ஊர்களில் நோயாளி காரில் வந்து காரில் போவார். நம் பக்கம் அப்படியில்லை.

முதலில், நோய் தெரியவருவதே பிந்தித்தான். கொழுந்து எடுக்கும் பெண் மலையேறும்போது நெஞ்சை அடைத்தால் "கேஸ்" என்று சொல்லிச் சோடா குடிப்பார், இல்லாவிட்டால் டிஸ்பென்சரியில் ஒரு பக்கெட் மாத்திரை. சீனி வருத்தம் உள்ளவருக்கு வலியே தெரியாமல் மூச்சு வாங்குவது மட்டும் இருக்கலாம், அதை வயதென்று விட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் நமக்கு வாய்த்த வசதி வேறு யாருக்கும் இல்லை: ஆஸ்பத்திரியில் மெஷினில் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையை நம் மலை தினமும் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. போன வருடம் நிற்காமல் ஏறிய மேட்டில் இந்த வருடம் இரண்டு தரம் நிற்கவேண்டி வந்தால் அது ஒரு ரிப்போர்ட். மாமா கோயில் படியில் நிற்கத் தொடங்கி எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிந்தி வருகிறவர்களுக்கு மூன்று நாடியும் அடைத்திருக்கும், பம்பும் தளர்ந்திருக்கும். ஆய்வுகள் பைபாஸை முன்னுக்கு நிறுத்துவது இந்த மாதிரி ஆட்களைத்தான்.

ஆனால் அது கிடைப்பதுதான் கஷ்டம். கெத் லேப் ஒன்றைத் திறக்க ஒரு மெஷின், ஓர் இருதய வைத்தியர், பழகிய சில ஊழியர்கள் போதும். பைபாஸ் செய்ய சத்திரசிகிச்சை நிபுணர், அதற்கென்றே பயின்ற மயக்க மருந்து வைத்தியர், இருதயம் நின்றிருக்கும் நேரம் இரத்தத்தை ஓட்டும் மெஷினைப் பார்ப்பவர், இரவு பகலாக நிற்கும் தீவிர சிகிச்சைத் தாதிமார், இரத்த வங்கி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வேண்டும். அதனால்தான் ஸ்டென்ட் மெல்ல மெல்லச் சின்ன நகரங்களுக்குப் பரவுகிறது. பைபாஸ் கொழும்பு, கண்டி, காலி என்று சில இடங்களில் தங்கிவிடுகிறது. அரச வைத்தியசாலையில் பணம் இல்லை, ஆனால் பெயர் போட்டுவிட்டு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மார்ச் மாதத்தில் மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலையிலேயே முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதும் தெரிந்த கதை. எனக்கு இருக்கும் பயம் இதுதான்: பைபாஸ் தேவையான ஆளுக்கு, வரிசை நீளம் என்ற ஒரே காரணத்தால் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு "நவீன வைத்தியம்" என்று பெயர் வேறு இருக்கும்.

நாட்சம்பளக் கணக்கையும் பார்க்கவேண்டும். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியது சேர ஆறு கிழமை முதல் மூன்று மாதம் போகும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது. இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து சரிவில் இறங்குகிறவருக்கு மூன்று மாதம் பேர் விழாது, சம்பளம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர் ஒரு கிழமையில் வேலைக்குப் போகலாம். இந்த இடத்தில் ஸ்டென்டைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சின்னத் துளைக்கும் ஒரு கடன் பின்னால் வரும். ஸ்டென்ட் வைத்தபின் அஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இரண்டும் சேர்த்து ஆறு மாதம், மாரடைப்புக்குப் பின் வைத்தது என்றால் வழக்கமாக ஒரு வருடம், ஒரு நாள் விடாமல் எடுக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் வலைக்குள் இரத்தம் கட்டி ஒரே அடியில் ஆளை விழுத்தலாம். கிளினிக் நாளில் சம்பளம் போகும் என்று போகாமல் விட்டவர்கள், ஸ்டாக் இல்லை வெளியில் வாங்குங்கள் என்று துண்டு கொடுத்தபோது வாங்காமல் விட்டவர்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் "ரெண்டு கிழம நிப்பாட்டுங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கும் அஸ்பிரின், கொழுப்புக் குளிசை ஆயுளுக்கும் உண்டுதான். ஆனால் சில நாள் தவறினால் அதே வேகத்தில் தண்டிக்காது.

பணம் பற்றி ஒரு வரி. தனியார் இடத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை உதவி உண்டு, ஜனாதிபதி நிதியத்திலும் விண்ணப்பிக்கலாம். ஒப்பரேஷனுக்கு முன்பே விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழியும் ஒரு தடை. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் ஒன்றில் விளக்கம் முழுக்கச் சிங்களத்தில். மாமாவுக்குத் தோட்டத்துச் சிங்களம் தெரியும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்கு அது போதும், தன் இருதயத்தைப் பற்றி முடிவெடுக்கப் போதாது. தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். பஸ்ஸில் வரும்போது "என்னடா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

இனி எங்கே போகிறது

பைபாஸ் குறையும். இலகுவான அடைப்பெல்லாம் ஸ்டென்டுக்குப் போய்விடும், போகவும் வேண்டும். மிஞ்சுபவர்கள் கடினமானவர்கள்: சீனி வருத்தம், பரவிய அடைப்பு, தளர்ந்த பம்ப், ஏற்கெனவே மூன்று ஸ்டென்ட் வைத்து அடைத்துப் போனவர்கள். அதனால் இளம் நிபுணர்கள் கை பழகுவதற்கு இலகுவான கேஸ் இல்லாமல் போகிறது. எண்ணிக்கை குறைந்தால் திறமையும் குறையும் என்பது சத்திரசிகிச்சையில் பழைய பாடம். சின்ன நாட்டுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை.

வெட்டும் சின்னதாகிறது. இருதயத்தை நிறுத்தாமல் துடிக்கத் துடிக்கத் தைப்பது பல வருடமாக நடக்கிறது. இடது விலா எலும்புகளுக்கு இடையில் சின்ன வெட்டுப் போட்டு லிமாவை மட்டும் எல்ஏடியில் தைத்துவிட்டு, மற்ற நாடிகளுக்கு ஸ்டென்ட் வைக்கும் கலப்பு முறை ஒன்று இருக்கிறது. என் கண்ணுக்கு நாளைய வழி அதுதான். ஏனென்றால் பைபாஸின் ஆயுள் பலனில் பெரும்பங்கு லிமாவிலிருந்து வருகிறது. பத்து வருடத்தில் பாதி அடைத்துப்போகும் கால் நாளத்துக்குப் பதில் நல்ல ஸ்டென்ட் வைத்தால் நட்டம் அதிகமில்லை. ஆனால் இரண்டு தரப்பும் ஒரே மேசையில் வேலை செய்யவேண்டும். மெஷினைவிட அது அபூர்வம். கால் நாளத்துக்குப் பதில் முன்கை நாடியை எடுத்துத் தைப்பதும் பெருகுகிறது; ஐந்து வருடத்தில் அது நன்றாகத் திறந்திருப்பதை 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ரோபோக் கை பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதும். அது நம் பக்கம் வர நாளாகும்.

ஸ்டென்ட் பக்கமும் சும்மா இல்லை. நாடிக்குள்ளேயே கெமரா மாதிரிக் கருவியைக் கொண்டுபோய்ப் பார்த்து வைப்பதால் பிழை குறைகிறது. ஆனாலும் அதிகம் மாற்றப்போவது மருந்துதான் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தரம் போடும் கொழுப்பு ஊசி வந்துவிட்டது. உடல் எடையைக் குறைக்கும் செமக்ளூடைட் ஊசி, ஏற்கெனவே இருதய நோய் உள்ள பருமனானவர்களில் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததாக 17,000 பேருக்கு மேல் சேர்த்த ஆய்வு 2023இல் காட்டியது. விலை இன்று எட்டாத உயரம். சாதாரண கொழுப்புக் குளிசை கிளினிக்கில் இலவசம், அதையே பாதிப் பேர் "கல்லீரலுக்குக் கூடாதாம்" என்று அலுமாரியில் வைத்திருக்கிறார்கள்.

சரி, மாமாவின் கதை. மூன்று நாடி, புள்ளிக்கணக்கு கடுமைப் பக்கம், சீனி. இரண்டாவது டொக்டரும் படத்தைப் பார்த்துவிட்டு பைபாஸ்தான் என்றார். மேல்கணக்கு ஆளுக்கு ஒரே நாடியில் ஓர் இடத்தில் அடைப்பு; அவருக்கு ஸ்டென்ட் வைத்தது முழுக்கச் சரி. இரண்டு பேருக்கும் ஒரே பெயருள்ள நோய், ஒரே நோய் இல்லை. ஏழு மாதம் வரிசையில் இருந்தோம். அந்த ஏழு மாதமும் மாத்திரையில்தான் ஓடியது. ஒப்பரேஷன் முடிந்து முதல் பத்து நாள் பேரப்பிள்ளையின் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார், எல்லாரும் பயந்தோம், அப்புறம் தெளிந்துவிட்டார். கால் காயம் ஆறத்தான் நாளெடுத்தது, சீனி அல்லவா. இப்போது கோயில் படியை ஒரே மூச்சில் ஏறுகிறார். வெற்றிலையில் புகையிலை வைப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. கேட்டால் நெஞ்சைத் தட்டிக் காட்டி "புதுசு போட்டாச்சே" என்கிறார். அடுத்த கிளினிக் திகதி கொப்பியில் இருக்கிறது. அன்றைக்கு போயா விடுமுறை வருகிறதா என்று கலண்டரைப் பார்க்கச் சொல்லி நேற்றும் ஆள் அனுப்பியிருந்தார்.